பஸ் இல்லை, பள்ளிக்கூடம் உண்டு

கிருபனுடைய கைபேசி புதன்கிழமை பின்னேரம் நாலு மணிக்கே அலறத் தொடங்கிவிட்டது. முதலில் ரொறன்ரோவுக்கு வெளியே மார்க்கம் நகரில் இருக்கும் சித்தி. பிறகு பிறம்ரனில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணை. மார்க்கத்துக்கும் பிறம்ரனுக்கும் வேறு பள்ளிக்கூடச் சபை, வேறு பஸ், கிருபனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அவர்களுக்கு அதெல்லாம் பொருட்டில்லை. மூன்றாவதாக எடுத்த பெண்மணி யாரென்றே அவனுக்குத் தெரியாது. கோயிலில் அன்னதான வரிசையில் அவனுக்கு முன்னால் நின்றவராம். அந்த உறவு போதாதா?

“நாளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கோ, தம்பி?”

“காலமை ஆறு மணிக்கு வெப்சைற்றிலை போடுவினம். பாருங்கோ அன்ரி.”

“அது ஊருக்கு. எனக்கு உண்மையைச் சொல்லும்.”

“உண்மையும் ஆறு மணிக்குத்தான் வரும், அன்ரி.”

“ஓ, பெரிய உத்தியோகம்” என்று சொல்லிவிட்டு அவர் வைத்துவிட்டார்.

பெரிய உத்தியோகம்தான். ரொறன்ரோ நகரத்துப் பள்ளிக்கூட பஸ்களைப் பார்க்கும் அலுவலகத்தில் கிருபன் பாதை வகுக்கிறவன். எந்த பஸ் எந்தத் தெருவில் எத்தனை மணிக்குத் திரும்பும், எந்த மூலையில் எத்தனை பிள்ளைகள் ஏறுவார்கள் என்பதெல்லாம் அவன் தலைக்குள் இருக்கும். பனிக்காலத்தில் இன்னொரு வேலையும் அவன் தலையில் விழும். கடுங்குளிர் வருகிற நாட்களில் விடிய முன்னம் பஸ் கொம்பனிகளை விசாரித்து, பஸ் ஓடலாமா கூடாதா என்று முதலில் வாய் திறக்க வேண்டியவன் அவன்தான். அதனால் ஜனவரியிலும் பெப்ரவரியிலும் சொந்தக்காரர்களிடம் அவனுக்கு இருக்கிற மதிப்பு எந்த டொக்டருக்கும் கிடையாது. குளிரையே அவன்தான் எங்கோ அடைத்து வைத்து, நினைத்த நேரம் திறந்துவிடுகிறான் என்ற மாதிரிச் சனம் அவனைப் பார்க்கும்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். ரொறன்ரோவில் குளிருக்காகப் பள்ளிக்கூடத்தை மூடுவது அபூர்வம். நின்றுபோவது மஞ்சள் பஸ்தான். டீசல் தடித்துவிட்டால் எஞ்சின் இழுக்காது. பஸ் இருபது நிமிஷம் பிந்தினால் ஆறு வயதுப் பிள்ளை தெருமூலையில் நின்று விறைக்கும். காற்றோடு சேர்த்து மைனஸ் முப்பத்தெட்டு என்றால் கன்னம் உறைவதற்குக் கனநேரம் தேவையில்லை. ஆகவே பஸ்ஸை நிற்பாட்டுவார்கள், பள்ளிக்கூடத்தைத் திறந்து வைப்பார்கள். ‘பஸ் இல்லை, பள்ளிக்கூடம் உண்டு’ என்ற இந்த அறிவித்தலைப் பார்த்துக் குழம்பாத வேற்றுநாட்டார் இல்லை. எங்கள் யாழ்ப்பாணத்துத் தாய்மாருக்கு மட்டும் அதில் ஒரு குழப்பமும் வராது. முதல் பாதி அவர்களுடைய காதில் ஏறுவதே இல்லை. பள்ளிக்கூடம் உண்டென்றால் பிள்ளை போகத்தான் வேண்டும். மைனஸ் முப்பத்தெட்டானாலும் சரி, ஐம்பதானாலும் சரி.

இந்தப் பதினொரு வருஷத்தில் கிருபன் ஒருவருக்கும் முன்கூட்டி ஒரு சொல் சொன்னதில்லை. மனைவி பிரதீபாவுக்குக்கூட இல்லை. அவளும் கேட்டதில்லை. அதில் அவனுக்கு உள்ளுக்குள் பெரிய பெருமை.

அன்றைக்கு வீட்டுக்குள்ளேயே அந்தக் கேள்வியை வாய்க்குள் அடக்கிக்கொண்டு ஓர் ஆள் திரிந்தது. மகள் சுபாங்கிக்கு எட்டு வயது. அஜின்கோர்ட் பகுதியில் பிரெஞ்சு வழியில் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் ஒன்றில் மூன்றாம் வகுப்பு. வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு அவளுடைய வகுப்பு, ஜனவரி மாதம் முழுக்கக் கொண்டாடும் தமிழ் மரபுத் திங்களுக்காகப் பொங்கல் நாடகம் போடுகிறது. பிரெஞ்சில். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். கல்யாணி டீச்சர் கோயம்புத்தூர்க்காரி, பாண்டிச்சேரியில் பிரெஞ்சு படித்தவர், அவர் நினைத்தால் எதையும் மேடையேற்றுவார். நாடகத்தில் சுபாங்கிதான் பானை. காட்போட் அட்டையில் செய்த பெரிய பானைக்குள் கடைசிவரை குந்தியிருந்துவிட்டு, எழும்பி, இரண்டு கையாலும் வெள்ளைக் கடதாசித் துண்டுகளை அள்ளி எறிந்து, ‘நான் பொங்கிவிட்டேன்’ என்று பிரெஞ்சில் சொல்ல வேண்டும். ஒரே ஒரு வசனம். மூன்று கிழமையாக அந்த வீட்டில் குளியலறைக்குள்ளும் படுக்கையிலும் பானை பொங்கிக்கொண்டே இருந்தது.

வகுப்பில் இருபத்தாறு பிள்ளைகள். அதில் பதினெட்டுப் பேர் பஸ்ஸில் வருகிறவர்கள். மூன்று சீனத்துப் பிள்ளைகள் கரும்பு. ஒரு சோமாலியப் பிள்ளை சூரியன். பிரதீபாவின் அக்கா ரதியின் மகன் அபிஷன் மாட்டின் முன்பக்கம், அபர்ணா என்ற பிள்ளை பின்பக்கம். பாதிக்கு மேல் வராவிட்டால் நாடகம் இல்லை என்று டீச்சர் ஏற்கெனவே சொல்லியிருந்தார். அடுத்த கிழமைகளில் மண்டபம் வேறு ஆட்களுக்கு. அது திரும்பக் கிடைக்கும்போது பெப்ரவரி பிறந்துவிடும். சுபாங்கியின் பானைக்கு வேறு நாள் இல்லை.

இரவு எட்டு மணிக்குக் கிருபன் குசினியில் இஞ்சித் தேத்தண்ணி கொதிக்க வைத்து பிளாஸ்க்கை நிரப்பினான். கடுங்குளிர் நாட்களில் நாலு மணிக்கு எழும்ப வேண்டும். அந்த நேரம் கேத்தலைச் சத்தம்போட விட்டால் வீடு எழும்பிவிடும், அதனால் இந்த ஏற்பாடு. திரும்பிப் பார்த்தபோது சுபாங்கி வாசலில் நின்று பிளாஸ்க்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன குஞ்சு?”

“ஒண்டுமில்லை.”

“நித்திரை வரேல்லையோ?”

“வருது” என்றாள். நகரவில்லை.

அவள் அந்தக் கேள்வியைக் கேட்கப் போகிறாள் என்று கிருபன் பயந்தான். அவள் கேட்கவில்லை. கேளாமல் விட்டதுதான் அவனுக்கு இன்னும் வேதனையாக இருந்தது. வானிலை அறிக்கை அவனுக்கு மனப்பாடம். ஆனாலும் இயற்கை சிலவேளை மனம் மாறும் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு எட்டரைக்குப் போய்ப் படுத்தான்.

விடிய நாலு பத்துக்குக் குசினிக்கு வந்தவன் திகைத்துப்போனான். பிளாஸ்க் கழுவிய பாத்திரங்களோடு தலைகீழாகக் கவிழ்ந்து கிடந்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூட இல்லை. இரவு தேத்தண்ணி ஊற்றினது நினைவா கனவா என்று அவனுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நாற்பத்திநாலு வயதிலேயே மறதி தொடங்கிவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டு, சட்டியில் கொஞ்சம் தண்ணீர் வைத்தான்.

பிறகு வேலை. பஸ் கொம்பனிகளில் அந்த நேரத்துக்கே ஆட்கள் வெளியே இறங்கி எஞ்சின்களை ஸ்ராட் பண்ணிப் பார்ப்பார்கள். பஸ்கள் தரித்து நிற்கும் யார்ட்டுகளுக்குக் கிருபன் ஒவ்வொன்றாகப் போன் எடுத்துக் கேட்டான். ஸ்காபரோவில் ஒரு யார்ட்டில் நூற்றிப்பத்து பஸ், முப்பத்தெட்டு இழுக்கவில்லை. இன்னொன்றில் எழுபதில் இருபத்தொன்று. மூன்றாவது யார்ட்டில் போனை எடுத்தவனுக்கு உதடு விறைத்து எண்ணிக்கை சொல்லவே வரவில்லை. கிருபன் எண்களை எழுதும்போது கை ஒருகணம் நின்றது. முப்பத்தெட்டை முப்பது என்று எழுதினால் யார் கேட்கப் போகிறார்கள்? அவனும் மனுசன்தானே. பிறகு முப்பத்தெட்டு என்றே எழுதினான்.

ஐந்தேகாலுக்கு எல்லோரும் போனில் கூடினார்கள். இரண்டு சபைகளின் ஆட்கள், பஸ் கொம்பனிக்காரர்கள், கிருபனின் மேலாளர் கிளிபோட். கிளிபோட் பார்படோஸில் பிறந்து முப்பது வருஷமாகக் கனடாக் குளிரைத் திட்டியபடியே அதோடு வாழ்கிற மனிதர்.

“கிருபன், நீ சொல்லு” என்றார் அவர்.

சொல்ல வேண்டியது ஒரு வார்த்தை. கிருபனின் கண்ணுக்குள் காட்போட் பானை வந்து நின்றது. அதற்குப் பக்கத்திலேயே வெக்ஸ்போர்ட் பகுதியில் ஒரு பஸ் தரிப்பிடமும் வந்தது. மறைப்பு ஒன்றும் இல்லாத மூலை, காற்று நேரே அடிக்கும், அங்கே முதலாம் வகுப்பில் படிக்கும் இரட்டைப் பிள்ளைகள் ஏறுவார்கள். அந்த பஸ் இன்றைக்கு நேரத்துக்கு வராது என்பது அவனுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“நிற்பாட்டுவோம்” என்றான்.

ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. ஐந்து ஐம்பதுக்கு வெப்சைற்றில் சிவப்பு எழுத்தில் போட்டாயிற்று. கிருபன் ஆறிப்போன தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு, மகளை எழுப்பி எப்படிச் சொல்வது என்று யோசித்தான்.

அவன் யோசித்து முடிய முன்னம் பிரதீபா தலைமயிர் கலைந்தபடி கைபேசியோடு இறங்கி வந்தாள். கைபேசி அவள் கையில் நடுங்கிக்கொண்டே இருந்தது, அவ்வளவு செய்தி.

“என்னப்பா, பஸ் இல்லையாமே?”

“இல்லை. இப்பதான் போட்டவை.”

“நீங்கள் தேத்தண்ணி ஊத்தேல்லையே?”

கிருபனுக்கு விளங்கவில்லை. பஸ்ஸுக்கும் தேத்தண்ணிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டான். பிரதீபா நாக்கைக் கடித்தாள். ஆனால் சொல் வெளியே வந்துவிட்டது. கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

“நீங்கள் ராத்திரி பிளாஸ்க்கை நிரப்பினா அடுத்த நாள் பஸ் இல்லை. ரெண்டு வருசமாப் பாத்துக்கொண்டு வாறன். ஒம்பது தரம் நிரப்பினீங்கள், எட்டுத் தரம் பஸ் ஓடேல்லை. வெதர் சனல் கூட இப்பிடிச் சரியாச் சொல்லாது.”

“சரி, பாத்தனீர். பாத்துப்போட்டு?”

“அக்காவுக்குச் சொல்லுவன்.”

“ரதி மச்சாளுக்கோ? அவ?”

“குறூப்பிலை போடுவா.”

குறூப் என்றால் அஜின்கோர்ட் அம்மாமார் என்ற வாட்ஸ்அப் குறூப். இருநூற்றிப் பன்னிரண்டு தாய்மார். பிளாஸ்க் நிரம்பியிருந்தால் ‘தேத்தண்ணி ரெடி’ என்று ரதி போடுவாள். அதைப் பார்த்ததும் எந்தத் தாய் எந்தப் பிள்ளையை ஏற்றுவது, யார் வேலையை மாற்றுவது என்று இரவோடு இரவாகப் பேசி முடித்துவிடுவார்கள். நேற்று இரவு பிரதீபா படுக்கப் போகும்போது பிளாஸ்க் காலியாகக் கவிழ்ந்து கிடந்ததைப் பார்த்திருக்கிறாள். அதன்படி ரதியும் போட்டிருக்கிறாள்: ‘தேத்தண்ணி இல்லை. நிம்மதியாப் படுங்கோ.’

கிருபனுக்குக் காது சூடாகிவிட்டது. பதினொரு வருஷமாக அவன் வாயைக் கட்டிக்கொண்டு திரிகிறான், அவனுடைய பிளாஸ்க் ஊரெல்லாம் கதைத்துக்கொண்டு திரிந்திருக்கிறது.

“என்ரை வேலைக்கெல்லோ உலை வைக்கிறீர், பிரதீபா.”

“நான் உங்களிட்டை ஒரு வார்த்தை கேட்டனானோ? பிளாஸ்க்கைப் பாத்தன், அவ்வளவுதான்” என்றாள் அவள். பிறகு குரல் மாறியது. “நீங்கள் ஆறு மணிக்குச் சொல்லுறியள். அஞ்சு மணிக்கு வேலைக்கு வெளிக்கிடுற தாய் என்ன செய்யிறது? வெயார்ஹவுசிலை நிக்கிறவ, முதியோர் இல்லத்திலை நிக்கிறவ, அவையளின்ரை பிள்ளை ஆரோடை போறது? உங்கடை ஒஃபிஸிலை ஆராவது அதை யோசிச்சவையோ?”

யாரும் யோசிக்கவில்லை. கிருபனும் யோசிக்கவில்லை. எஞ்சினைப் பற்றி யோசித்தார்கள், டீசலைப் பற்றி யோசித்தார்கள், கன்னம் உறைவதைப் பற்றிக்கூட யோசித்தார்கள். ஐந்து மணி ஷிவ்ற்றுக்குப் போகிறவளைப் பற்றி அந்தப் போன் கூட்டத்தில் ஒருநாளும் ஒருவரும் வாய் திறந்ததில்லை. அவனுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் வெட்கப்படுவதற்கு முன்னால் ஒரு கணக்கு அவனுக்கு உதைத்தது.

“நில்லும். நான் நேற்று நிரப்பினனான். இஞ்சி கூடப் போட்டனான்.”

“அப்ப ஆர் கவிட்டது?”

படிக்கட்டில் ஒரு விம்மல் கேட்டது. சுபாங்கி நாடகத்துக்கான மண்ணிறச் சட்டையை ஏற்கெனவே மாட்டிக்கொண்டு நாலாம் படியில் நின்றாள்.

“நான்தான் சிங்கிலை ஊத்திப்போட்டுக் கவிட்டனான்” என்றாள். “பிளாஸ்க் நிரம்பினா பஸ் இல்லையெண்டு அம்மா பெரியம்மாவுக்குச் சொன்னவ. காலியா இருந்தா பஸ் வரும் தானே. நான் அப்பிடித்தான் நினைச்சன்.”

சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

“இப்ப ஒருத்தரும் கார் அரேஞ் பண்ணேல்லை. ஒருத்தரும் வர மாட்டினம். கரும்பு வராது, சன் வராது. என்னாலைதான் எல்லாம்.”

கிருபனின் கோபம் போன இடம் தெரியவில்லை. ஊரே அவனிடம் குளிரைப் பற்றிக் கேட்டது. இந்தக் குஞ்சு மட்டும் கேளாமல், தன் சின்னக் கையால் குளிரை நிற்பாட்டப் பார்த்திருக்கிறாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். எட்டு வயதுக்கு அவள் பாரம்தான், பரவாயில்லை.

“பஸ்ஸை நிப்பாட்டினது நான், குஞ்சு. குளிருக்கும் பிளாஸ்க்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆக்களைக் கொண்டுவாறது என்ரை தொழில் தானே? நான் கொண்டுவாறன்.” பிறகு பிரதீபாவைப் பார்த்தான். “மச்சாளுக்கு எடும். என்னை அந்தக் குறூப்பிலை சேர்க்கச் சொல்லும்.”

ஆறு மணி பன்னிரண்டுக்குக் குறூப்பில் கிருபனின் பெயர் விழுந்தது. அதுவரை நிமிஷத்துக்கு இருபது செய்தி வந்துகொண்டிருந்த இடத்தில் பேச்சு மூச்சில்லை. இருநூற்றிப் பன்னிரண்டு பேரும் கையும் களவுமாகப் பிடிபட்ட மாதிரி ஒளித்துக்கொண்டார்கள்.

கிருபன் எழுதினான்: ‘வணக்கம். பஸ் இல்லை, அது இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம். கல்யாணி ரீச்சரின்ரை வகுப்புப் பிள்ளையள் இண்டைக்கு நாடகம் நடிக்க வேணும். ஆரிட்டைக் கார் நிக்குது? எத்தினை சீற்? எங்கை நிக்கிறியள்?’

பிறகு அணை உடைந்தது.

அலுவலகக் கணினியை அவன் தொடவில்லை. பிள்ளைகளின் விலாசம் அதற்குள் இருந்தது, அதைத் தொட்டால் தப்பு. தாய்மார் சொன்னதை மட்டும் எழுதினான். தரிப்பிடத்தில் தங்கள் பிள்ளையோடு எந்தெந்தப் பிள்ளைகள் நிற்பார்கள், அவர்களுடைய வீட்டுக்காரரின் நம்பர் என்ன என்பதெல்லாம் தாய்மாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சீனத்துத் தாய்மாருக்கும் சோமாலியத் தாய்க்கும் அவர்களே போன் எடுத்துக் கேட்டு, ஓம் என்று வாங்கினார்கள். யாருக்கோ வந்த கல்யாண அழைப்பிதழ் உறையின் பின்பக்கத்தில் கிருபன் கோடு கீறத் தொடங்கினான். முதலில் தூரத்து வீடு, பிறகு கிட்டத்து வீடு, இடது பக்கத் திருப்பம் குறைய வேண்டும். நூற்றுக்கணக்கான பஸ்ஸுக்கு வகுக்கிறவனுக்கு அன்றைக்கு இந்தச் சின்ன உறைதான் பெரிய நகரமாகத் தெரிந்தது. உண்மையைச் சொன்னால், அவன் சந்தோஷமாக இருந்தான். வேலையில் இப்படிச் சந்தோஷமாக இருந்து எத்தனையோ வருஷம்.

பெயர் வந்தது பதினேழு பிள்ளைகளுக்கு, ஒன்று குறைந்ததை அந்த அவசரத்தில் அவன் கவனிக்கவில்லை. அதில் ஆறு பேருடைய வீட்டில் தாயோ தகப்பனோ கார்ச் சாவியோடு நின்றார்கள். மிச்சம் பதினொன்று. அபிஷன் மாடாகிற நாளென்று லீவு போட்டிருந்த ரதியின் வானில் மூன்று பேர். கிருபனின் காரில் சுபாங்கியும் பக்கத்துத் தெருப் பிள்ளை ஒன்றும். ஆறு பேருக்கு வழியில்லை.

அந்த நேரம்தான் இராஜரட்ணம் அங்கிளின் நினைவு வந்தது. கோயிலுக்கு வயசாளிகளை ஏற்றி இறக்குகிற பன்னிரண்டு சீற் வான் அவருடைய பொறுப்பில் நின்றது. கிருபன் எடுத்தான்.

“அங்கிள், வான் ஸ்ராட் ஆகுமோ? கொம்பனி பஸ்ஸே ஆகேல்லை.”

“ஏன் ஆகாது? பற்றறியை ராத்திரிக் கழட்டிக் கட்டிலடியிலை வைச்சனான்” என்றார் அவர். “அது என்னோடைதான் படுத்தது. அன்ரிக்குத்தான் கோவம்.”

“அப்ப பிள்ளையளை இருத்துற பூஸ்டர் சீற் ஆறு வேணும்.”

“அதை உந்தத் தாய்மாரிட்டைக் கேளும். நான் பற்றறியைப் பூட்டுறன்.”

ஏழே முக்காலுக்கு எல்லாம் ஒழுங்கு. கிருபன் ஒரு கட்டளை மட்டும் போட்டான்: ஒரு பிள்ளையும் தெருவில் நிற்கக் கூடாது, வாகனம் வாசலுக்கு வந்து ஹோன் அடித்த பிறகுதான் கதவைத் திறக்க வேண்டும். எட்டு நாற்பதுக்குக் கோயில் வான் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றது. மூன்று கரும்பும் ஒரு சூரியனும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் இறங்கினார்கள், விபூதி வாசத்தோடு. அங்கிள் வானில் ஏறுகிற எல்லோருக்கும் பூசிவிடுவார், சூரியனின் தாயிடமும் போனில் அனுமதி கேட்டுத்தான் பூசினாராம்.

ஒன்பதரைக்குக் கல்யாணி டீச்சர் வகுப்பறை வாசலில் நின்று எண்ணினார். இருபத்தைந்து.

“கிருபன் சார், அபர்ணா வரலை” என்றார். “அவங்க அப்பா உமாபதிகிட்ட இப்பத்தான் பேசினேன். சென்னையிலேர்ந்து வந்து அஞ்சு மாசம்தான் ஆகுது. பஸ் இல்லைன்னா ஸ்கூல் லீவுன்னு நினைச்சுட்டாரு. கார் கிடையாது. குறூப்லயும் அவங்க இல்லை. யாராவது வந்தா அனுப்பறேன்னாரு, ஆனா ரொம்பப் பயப்படறாரு.”

“எங்கை வீடு?”

“வெக்ஸ்போர்ட். பத்து மணிக்கு நான் தொடங்கியாகணும் சார். பதினொண்ணுக்கு மண்டபத்தைக் கேட்பாங்க. பின்பக்கம் இல்லாமயே மாட்டை ஓட்டிக்கலாம்.”

சுபாங்கி பானையைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நின்றாள். கிருபனின் முகத்தை மட்டும் பார்த்தாள். ஓர் ஆள் குறைந்தாலும் அது தன் கணக்கில் என்று அவள் நினைக்கிறாள் என்பது அவனுக்கு நன்றாகவே விளங்கியது. அவன் கார்ச் சாவியை எடுத்தான்.

லோறன்ஸ் வீதியில் புகை மாதிரிப் பனித்தூள் பறந்தது. பதினாலு மாடிக் கட்டிடத்தில் ஒன்பதாம் மாடி. கதவைத் திறந்த உமாபதி வீட்டுக்குள்ளேயே இரண்டு சுவெட்டரும் மங்கி குல்லாவும் போட்டிருந்தார்.

“சார், ஃபோன்ல மைனஸ் முப்பத்தெட்டுன்னு காட்டுது. இதுல குழந்தைய வெளிய அனுப்பலாமா?”

“அது வெளியிலை. என்ரை கார் சூடா நிக்குது. பின்சீற்றிலை இருந்தா வேர்க்கும்.”

“ஆனா பஸ்ஸையே நிறுத்திட்டாங்களே சார். அவ்ளோ ஆபத்துன்னுதானே?”

“தெரு மூலையிலை நிக்கிறதுதான் ஆபத்து. பஸ்ஸை நிப்பாட்டினது நான்தான்.”

உமாபதி அவனை மேலும் கீழும் பார்த்தார். “நீங்கதான் பஸ்ஸ நிறுத்தினீங்க. நீங்களே கூட்டிட்டுப் போகவும் வந்திருக்கீங்க.”

“ஓம்.”

“இதான் இந்த ஊர் வழக்கமா சார்?”

“எங்கடை ஆக்களின்ரை வழக்கம்” என்றான் கிருபன். “நீங்களும் வெளிக்கிடுங்கோ. உங்கடை மகள் மாடு.”

அதற்குள் அபர்ணா மாட்டின் பின்கால் இரண்டையும் மாட்டிக்கொண்டு, பூட்ஸும் போட்டு, லிஃப்ற் பொத்தானை அழுத்தியாயிற்று. அவளைத் தடுக்க மைனஸ் நூறாலும் முடிந்திருக்காது. உமாபதி இன்னொரு ஜாக்கெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடிவந்தார்.

அவர்கள் மண்டபத்துக்குள் நுழையும்போது பத்து மணி எட்டு நிமிஷம். நாடகம் தொடங்கிவிட்டது. மண்டபம் நிறையப் பிள்ளைகளும் பெற்றோரும். மேடையில் அபிஷன் தனி மாடாக நடந்துகொண்டிருந்தான். முன்பக்கம் கம்பீரமாகத்தான் இருந்தது. பின்பக்கம் மட்டும் வெறும் துணியாக நிலத்தில் இழுபட்டது, அதைக் கரும்பு ஒன்று மிதித்ததில் மாடு நின்றுவிட்டது. நடுவில் பானை அசையாமல் இருந்தது. பானையில் பார்ப்பதற்கென்று வெட்டிய இரண்டு ஓட்டைகளும் கதவுப் பக்கம் திரும்பியிருந்தன.

அபர்ணா ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்தாள், கையுறையை எறிந்தாள், தொப்பியை எறிந்தாள், அதற்குக் கீழே இருந்த இன்னொரு தொப்பியையும் எறிந்தாள். சனத்துக்குள்ளால் ஓடி மேடையில் ஏறித் துணிக்குள் புகுந்தாள். மாட்டுக்குப் பின்னால் இரண்டு கால் முளைத்தன. மண்டபம் கை தட்டியது. கிருபன் மூச்சிரைக்கச் சுவரில் சாய்ந்தான். இருபத்தாறு.

நாடகத்தில் இன்னும் கரும்பு வெட்டவில்லை, அரிசி போடவில்லை. சூரியன் திரைக்குப் பின்னால் தன்னுடைய முறைக்குக் காத்துக்கொண்டு நின்றது. ஆனால் பானை எழும்பிவிட்டது. சுபாங்கியின் தலை வெளியே வந்தது, பிறகு இரண்டு கை. காலையிலிருந்து அழுகையும் பயமுமாக அடக்கி வைத்திருந்த அவ்வளவையும் சேர்த்து அள்ளி எறிந்தாள். வெள்ளைக் கடதாசி மாட்டின் மேலும் கரும்பின் மேலும் முன்வரிசை அதிபரின் மடியிலும் கொட்டியது. மூன்று கிழமை பாடமாக்கிய பிரெஞ்சு வசனம் அவளுக்கு மறந்தே போய்விட்டது.

“பொங்கீட்டன் அப்பா” என்று கத்தினாள்.

இராஜரட்ணம் அங்கிள்தான் முதலில் எழும்பி “பொங்கலோ பொங்கல்” என்று குரல் கொடுத்தார். பிறகு யார் கத்தவில்லை? சீனத்துத் தாய்மார் கத்தினார்கள், உமாபதி இரண்டு ஜாக்கெட்டுக்குள் நின்று கத்தினார், திரைக்குப் பின்னால் நின்ற சூரியன் பொறுக்க முடியாமல் ஓடிவந்து துள்ளியது. பதினொரு வருஷமாக வாய் திறவாத கிருபனும் தொண்டை கிழியக் கத்தினான். கண்ணால் தண்ணீர் ஓடியது, அவன் துடைக்கவில்லை.

கல்யாணி டீச்சர் மேடை ஓரத்தில் வசனத் தாள்களோடு திகைத்து நின்றார். “சுபாங்கி, அது கடைசியில வரணும். இன்னும் சூரியனே வரலை.”

முன்வரிசையிலிருந்த ரதி தலைமயிரில் ஒட்டிய கடதாசியைத் தட்டாமலே சொன்னாள்.

“பொங்கிட்டுது ரீச்சர். இனி நிப்பாட்டேலாது.”